லெயார்கோ ஊற்றிய தண்ணீர்

மைத்துனன் லெயார்கோவுக்குத் தன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது என்று ஓத்தொரீனோ முடிவு செய்து பதினோரு வருஷம் ஆகிறது. காரணம் சின்னதல்ல. மகள் கல்யாண விருந்தில், ஊரே பார்க்க, அந்த மைத்துனன் இவருடைய சிவப்பு ஒயினில் தண்ணீர் ஊற்றிக் குடித்தான். மூன்று சாதித் திராட்சையைத் தன் கையால் கலந்து செய்த ஒயின். கன்னத்தில் அறைந்திருந்தாலாவது மறந்திருப்பார்.

புது ஒயினைத் திறக்கும் புனித மார்ட்டின் திருநாள் வந்தது. அடுப்பில் காட்டுப்பன்றிக் கறி காலையிலிருந்து வேகிறது. மேசையில் மூன்று தட்டு.

"மூணாவது யாருக்கு?"

"என் தம்பிக்கு," என்றாள் மனைவி நீவெஸ். "கிணத்தடியில நிக்கிறான்."

"நிக்கட்டும். வேர் விடட்டும்."

"அப்படி என்னங்க பண்ணிட்டான்? தொண்டையைப் பிடிச்சுது, தண்ணி ஊத்தினான்."

"என் ஒயினோட அருமை நாக்கு இருக்கிறவனுக்குத்தான்டி தெரியும்."

"உங்க நாக்குக்குத் தெரியுமா?"

"தூக்கத்துல ஊத்தினாலும் சொல்வேன்!"

"அப்ப ரெண்டு ஜாடி வைக்கிறேன். ஒண்ணு உங்களோடது, ஒண்ணு தம்பி குடிக்கிற மாதிரி தண்ணி கலந்தது. எது உங்க ஒயின்னு சொல்லுங்க. தப்பாச் சொன்னா அவன் உள்ள வருவான். மார்ட்டின் சாமி மேல சத்தியமா?"

"சத்தியம்!"

நிறம் தெரியாதபடி மண் குவளைகளில் ஊற்றி வைத்தாள். ஓத்தொரீனோ மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்போலக் கண்ணை மூடினார். ஒரு துண்டு கறி. முதல் குவளையில் ஒரு மடக்கு. முகம் கோணிப்போயிற்று.

"இது உன் தம்பியோடது. செத்த பன்றியைக்கூட நிம்மதியா விடமாட்டான்."

இன்னொரு துண்டு. இரண்டாவது குவளை. மெதுவாக, வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் கண் கலங்கியது.

"இதுதான் என்னோடது! கறியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது பாரு!"

நீவெஸ் ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"ரெண்டுமே உங்களோடதுங்க. ரெண்டாவதுல மட்டும் தண்ணி ஊத்தினேன். அன்னிக்கு அவன் ஊத்தின அதே அளவு."

நீவெஸ் ஜன்னலைத் திறந்தாள்.

"தம்பி, உள்ள வாடா. கறி ஆறுது."

லெயார்கோ தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். கறியைக் கடித்தான். முதல் ஜாடியிலிருந்து ஊற்றிக் குடித்து, நெடுநேரம் யோசித்தான்.

"அத்தான், இந்த வருஷம் பிரமாதம். தண்ணியே வேண்டாம்."

ஓத்தொரீனோ இரண்டாவது ஜாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.