சலூன்காரர் வளர்த்த ஆர்க்கிட்

வந்தவர் தலையைவிட ஒரு செடியின் வேருக்கு அதிக மரியாதை கொடுத்த சலூன்காரர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அருப்புக்கோட்டையில் இருக்கிறார். ஊரே அவரை ஸ்பிரேக்காரர் என்றுதான் சொல்லும். சொந்தப் பெயர் எனக்கும் தெரியாது. பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்வேன்.

கேரளாவில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன் கொடுத்த செடி. வாண்டா என்கிற ஆர்க்கிட் வகை. சலூனுக்குள் கொக்கியில் ஒரு மரக்கூடை, அதற்குள் கொஞ்சம் கரித்துண்டு, அவ்வளவுதான். மண் பொட்டுக்கூடக் கிடையாது. வேரெல்லாம் முழ நீளத்துக்கு அந்தரத்தில் தொங்கும். காய்ந்தால் வெளுக்கும், நனைந்தால் பச்சையாகும். வேர் வெளுத்தால் அவருக்குக் கை நிற்காது. நம் தலைக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலை அப்படியே வேர்ப்பக்கம் திருப்பிவிடுவார். பாதி வெட்டிய தலையோடு நாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஃபேனும் செடிப்பக்கம்தான் சுற்றும். கேட்டால், "அதுக்குக் காத்தோட்டம் வேணும்ணே. நீங்க வீட்டுல போயி வாங்கிக்கிருங்க" என்பார்.

மல்லாங்கிணறு விவசாயி ஒருவருக்கு இது பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, இப்பிடித் தொங்க விட்டுருக்கியே, பாவமா இல்ல? ஒரு லோடு கரிசமண்ணு கொண்டாந்து தட்டவா?"

"மண்ணுல வச்சா வேரு அழுகிச் செத்துரும்யா."

"மண்ணுல வச்சா சாகுறதுக்குப் பேரு செடியா?" என்று பாதிச் சவரத்தில் எழுந்து போனார். மீதிப் பாதிக்கு மறுநாள் வந்தார்.

ஒருநாள் நானும் ஆசையாக ஸ்பிரே எடுத்துச் செடியின் உச்சியில் அடித்தேன். "குருத்துல தண்ணி நின்னா போச்சுண்ணே!" என்று பதறி, என் கழுத்தில் போட்டிருந்த துண்டை உருவிக் குருத்தை ஒற்றி எடுத்தார். வெட்டிய முடியெல்லாம் என் சட்டைக்குள் போனது.

இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று மச்சினன் போனில் சொன்னான். செடி வாசலுக்கு வந்தது, உச்சி வெயிலை மறைக்கப் பச்சை வலையும் வந்தது. சில மாதம் கழித்து இலைக்கக்கத்தில் ஒரு காம்பு நீட்டியது. பிறகு கொத்தாகப் பூத்தது. ஊதா நிறம், இதழெல்லாம் வலைப்பின்னல். மோந்து பார்த்தால் வாசனை இல்லை. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை, அவ்வளவு அழகு.

வினை அங்கேதான் வந்தது. சலூன் இருக்கிற கட்டடத்தின் முதலாளி மகளுக்குக் கல்யாணம். அவரே நேரில் வந்தார்.

"கொத்தோட வெட்டிக் குடு. மக சடையில வைக்கணும்ங்குது."

"வெட்டுனா வாடிரும் மொதலாளி. செடியில இருந்தா வாரக்கணக்கா நிக்கும்."

"பூவு வரலைன்னா கடையக் காலி பண்ணிரு."

வெட்டித் தொலையும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். கத்தரியை எடுத்துக்கொண்டு காம்பருகே போனார். நின்றார். திரும்பி வந்து அதை டிராயரில் போட்டு மூடினார். அந்தக் கடையை விட்டால் அந்த மனுஷனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

வரவேற்பு அன்று சாயங்காலம் மண்டபத்து வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கூடையும் தொங்கும் வேருமாக இறங்கினார் ஸ்பிரேக்காரர். நேராக மேடைக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, அலங்காரக் கம்பியில் செடியை மாட்டினார். பூங்கொத்து மணப்பெண்ணின் சடையோரம் சரியாக வந்து நின்றது. மேடை விளக்குச் சூட்டில் வேர் வெளுத்தது. பின்னாலேயே நின்று ஸ்பிரே அடிக்க ஆரம்பித்தார். பாதித் தண்ணீர் மாப்பிள்ளை முகத்தில்.

"அண்ணே, ஃபிரேமுல வாறீக, நகருங்க" என்றார் போட்டோக்காரர்.

"நீங்க எடுங்க, நான் குனிஞ்சுக்கிறேன்."

மண்டபமே சிரித்தது, முதலாளியைத் தவிர. அவர் மேடையேறுவதற்குள் மணப்பெண் சொல்லிவிட்டது: "அப்பா, அவுக நிக்கட்டும். எனக்காகச் செடியவே தூக்கிட்டு வந்துருக்காக."

மறுவாரம் முதலாளி சலூனுக்கு வந்தார். நான் பாதி வெட்டிய தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் செடியைப் போனில் படம் பிடித்தார்.

"பூவு இன்னும் இருக்கான்னு மக தெனமும் கேக்குது. காலி பண்ணுறதெல்லாம் வேணாம், நீ கடைய நடத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடையில் நான் மொய்க்கவர் கொடுக்கிற போட்டோ என்னிடம் இருக்கிறது. மணமக்களுக்கு நடுவே ஒரு குனிந்த முதுகும், உயர்ந்த கையில் ஒரு ஸ்பிரே பாட்டிலும் தெரியும். என் கல்யாணத்திலும் பின்னால் அப்படி ஒருத்தர் நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.