ரம்பம் சின்னத்தில் பைலி

ரத்னம்மா வீட்டுப் பலாமரத்தின் மூன்றாவது கவட்டையில் உட்கார்ந்து பைலி கிளை அறுத்துக்கொண்டிருந்தபோது, கீழே சாலையில் அவருடைய பிரசார ஜீப்பே அவரைத் தாண்டிப் போயிற்று.

"ஏழைகளின் தோழர், எளிமையின் மறுபெயர், நமது வேட்பாளர் பைலி, இதோ, இந்த வண்டிக்குத் தொட்டுப் பின்னாலேயே உங்களைக் காண வந்துகொண்டிருக்கிறார்!"

வண்டிக்குத் தொட்டுப் பின்னால் ரத்னம்மாவின் ஆடு வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்து நின்றவர்கள் ஆட்டைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், உள்ளே போய்விட்டார்கள்.

"ரத்னம்மா, நான் இறங்கணும்! ஜனங்க எல்லாம் உள்ள போறாங்க!"

"அந்தப் பக்கத்துக் கொம்பையும் எடுத்துட்டு இறங்குங்க பைலிச்சேட்டா. ஏறினது ஏறிட்டீங்க. அடுத்த மழைக்கு அது என் அடுக்களை மேலதான் விழும்."

பைலி அந்தப் பக்கத்துக் கொம்புக்கு நகர்ந்தார். யாராவது ஒரு வேலை சொன்னால் முடியாது என்று சொல்வதற்கான நரம்பு அவருக்குப் பிறவியிலேயே இல்லை.

தப்பு தேர்தல் அதிகாரியுடையது. கரிம்பனக்குன்னு பஞ்சாயத்து ஒன்பதாம் வார்டின் சுயேச்சைக்கு அவர் ஒதுக்கிய சின்னம் ரம்பம். சின்னம் மனதில் பதியவேண்டும் என்று பைலி நிஜ ரம்பத்தையே தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் வீட்டில் கட்டில் காலைக் குறைத்தார். இரண்டாவது வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கதவு. மூன்றாவது இந்தப் பலா. வார்டில் மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு வீடு. வாக்குப்பதிவுக்குப் பன்னிரண்டு நாள்.

இது அவருக்கு ஐந்தாவது தேர்தல். முதல் தடவை குடைச் சின்னம். காட்டக் கொண்டுபோன குடை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அடுத்தது டார்ச், இரண்டு வாரம் ஊரில் இருட்டில் நடந்த எல்லோருக்கும் வழித்துணை. மூன்றாவது கால்பந்து; அதில் உடைந்த ஜன்னல்களை அவரே மாட்டிக் கொடுத்தார். நான்காவது வாளி, இருபத்தேழு கிணறு தூர் வாரினார். நடுவில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு தடவைதான் அவருடைய முதுகு நிமிர்ந்தது.

நான்கிலும் தோல்வி. ஆனால் ஒரு விசேஷம். வீட்டுக்கு ஒன்று என்று எண்ணி வைத்ததுபோல் அவருக்கு ஓட்டு விழும். போன தடவை வார்டில் இருநூற்றொன்பது வீடு, இருநூற்றொன்பது ஓட்டு. சொந்த வீட்டிலிருந்து விழுவது ஒன்றா இரண்டா என்று மட்டும் பைலி யாரிடமும் கேட்டதில்லை.

"என் அடித்தளம் ஆடாத அடித்தளம்" என்பார் பெருமையாக.

"எப்படி ஆடும்?" என்பாள் மனைவி திரேஸ்யா. "ஓட்டே போடலைன்னா நீங்க மனசொடிஞ்சு வீட்டோட உக்காந்துருவீங்க. ஜெயிக்க வச்சா இப்ப இருக்கற மெம்பர் விஜயப்பன் மாதிரி ஃபிளெக்ஸ்ல மட்டும்தான் தெரிவீங்க. அதான் உசிரு நிக்கற அளவுக்குக் கஞ்சி ஊத்தறாங்க."

"உனக்கு ஊரை நம்பவே தெரியாதுடி."

பலாக்கொம்பு மடமடவென்று முறிந்தது. ரத்னம்மாவின் அடுக்களை தப்பித்தது. மதிலுக்கு வெளியே நின்ற விஜயப்பன் தப்பிக்கவில்லை. கிளை அவருடைய பன்னிரண்டடி ஃபிளெக்ஸைக் கிழித்துக்கொண்டு, மிகச் சரியாக மூக்கு வழியாக இறங்கியது.

ஐந்து வருஷமாகக் கண்ணில் படாத மெம்பர் ஐந்து நிமிஷத்தில் நேரில் வந்தார்.

"பைலி, இது திட்டமிட்ட தாக்குதல்!"

"ஐயோ மெம்பரே, காத்து அடிச்சுது, கிளை அந்தப் பக்கம்..."

"காத்துக்கு என் மூக்கு மட்டும்தான் கிடைச்சுதா? இப்பவே போலீஸுக்குப் போறேன்."

"போலீஸ் எல்லாம் எதுக்கு? நானே தைச்சுக் கட்டிக் குடுத்துடறேன்."

சாக்கு தைக்கும் ஊசியை வாங்கிவந்து மூக்கைத் தைத்தார். செய்வதைத் திருந்தச் செய்யும் குணம் வேறு. முன்பு இருந்ததைவிட இரண்டடி உயரத்தில், காற்றில் அலையாதபடி நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். கடைசி முடிச்சைப் போடும்போது யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் படம் ஊரின் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. 'பைலி விலகினார். விஜயப்பனுக்கு ஆதரவு. தன் கையாலேயே ஃபிளெக்ஸ் கட்டும் காட்சி.'

"என்ன பைலி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விலகிட்டியே?" என்றார் டீக்கடை மைதீன் இக்கா. "எங்க வீட்டுல உனக்குன்னு ஒரு ஓட்டு எடுத்து வச்சிருக்கோம். அதை இப்ப நான் எங்க கொண்டு கொட்ட?"

"விலகலை இக்கா! சத்தியமா விலகலை!"

"என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? ஊருக்குக் கேக்கற மாதிரி கத்து."

மறுநாள் காலை ஊருக்குக் கேட்கிற மாதிரியே ஏற்பாடாயிற்று. புதிய பதிவு, இரண்டு குழாய் ஒலிபெருக்கி, முழுச் சத்தம். ஜீப் ஆவேசமாகக் கிளம்பி, ஆவேசமாகவே மாதா கோயில் வளைவில் திரும்பியது. அங்கே கோயிலில் மணியடித்துவந்த பழைய கப்பியார் வறீதுகுட்டியின் சவ ஊர்வலம் வந்துகொண்டிருந்தது.

"போகவில்லை! அவர் எங்கும் போகவில்லை! இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்!"

பெட்டியைத் தூக்கி வந்த நால்வரில் ஒருவர் கையை விட்டுவிட்டார்.

பைலி பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினார். வறீதுகுட்டியின் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பெட்டியின் காலியான மூலையைத் தானே தோளில் தாங்கினார். கல்லறையில் குழி ஒரு சாண் குறைவாக இருந்ததைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். அதே நேரத்தில் முக்கு ரோட்டில் அவருடைய பொதுக்கூட்டம் நடந்தது. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜீப் டிரைவர், இன்னொருவர் மைக் செட்காரர்.

உடம்பெல்லாம் செம்மண்ணோடு வீடு திரும்பியவரைத் திரேஸ்யா வாசலிலேயே நிறுத்தினாள்.

"இங்க பாருங்க மனுஷா. இதுதான் கடைசி. இந்தத் தடவை தோத்தா வீட்டைப் பூட்டிட்டு டெல்லிக்குப் போறோம். ஜெஸ்ஸி எத்தனை வருஷமாக் கூப்பிடறா!"

மகள் ஜெஸ்ஸி டெல்லியில் நர்ஸ். பன்னிரண்டாவது மாடியில் வீடு.

"போயிட்டு வரலாமே, ஒரு பத்து நாள்..."

"பத்து நாள் இல்லை, ஒரேயடியா. நமக்கு வர்ற தபாலை எல்லாம் டெல்லி விலாசத்துக்குத் திருப்பி விடச் சொல்லி சுகதன்கிட்ட மனுவும் குடுத்தாச்சு."

சுகதன் தபால்காரன். மனு கொடுத்தாயிற்று என்றால் அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பைலி படியில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாவது மாடியில் எந்தப் பலா சாயும்? யார் வீட்டுக் கிணறு தூர்ந்துபோகும்? வாசலில் நின்று "பைலிச்சேட்டா" என்று கூப்பிட யார் லிஃப்ட் ஏறி வரப்போகிறார்கள்? தோளிலிருந்த ரம்பத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு முதல் முறையாக அவருக்கு ஜெயித்தே தீரவேண்டும் என்று வெறி வந்தது.

விடிந்ததும் பாய்ந்து கிளம்பினார். முதலில் ரத்னம்மா வீடு. அவள் வீட்டுக் கேட் மழையில் ஊறி, திறக்க வராமல் உரசிக்கொண்டிருந்தது.

"விலகு ரத்னம்மா, ஒரு விரக்கடை அறுத்தா சரியாயிடும்."

"ஐயோ, வேண்டாம் சேட்டா. அது கிடக்கட்டும். நீங்க உக்காருங்க."

பைலி திடுக்கிட்டார். ரத்னம்மா தன்னை உட்காரச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அவள் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"டெல்லியில கப்பை கிடைக்குமா சேட்டா?"

டீக்கடையில் மைதீன் இக்கா கேட்காமலே இரண்டாவது பரிப்புவடையை வைத்தார். "அங்க எலும்பு வரைக்கும் குளிருமாம். உன் முட்டி தாங்குமா?" என்றார். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பி, புகை வராத அடுப்பைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார்.

பைலி வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வழியனுப்புகிறார்கள்! தோற்றுவிட்டான், போகப்போகிறான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இன்னும் வேகமாக நடந்தார். எந்த வீட்டிலும் வேலை இல்லை. எல்லா வீட்டிலும் சாப்பாடு இருந்தது. சாய்ந்த பந்தல்காலைக் கண்ணால் பார்த்துவிட்டு "இதை நான்..." என்று ரம்பத்தைத் தூக்கினால், "நீங்க சிரமப்படாதீங்க" என்று அப்பம் வந்தது. ஏழாம் நாள் நடக்க முடியவில்லை. எட்டாம் நாள் சட்டைப் பொத்தான் தெறித்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடி வேறொன்று. நான்கு தேர்தலாக ஒவ்வொரு வாசலிலும் கேட்டுப் பழகிய வாக்கியம் "எங்க வீட்டுல ஒரு ஓட்டு உங்களுக்கு உறுதி" என்பது. இந்தத் தடவை ஒரு வாசலில்கூட அது காதில் விழவில்லை. எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"திரேஸ்யா, அந்த ஒண்ணும் போச்சுடி" என்றார் பிரசாரம் முடிந்த அன்று.

"அப்ப ஸ்வெட்டர் எடுத்து வைக்கறேன்" என்றாள் அவள்.

வாக்கு எண்ணிக்கை அன்று பள்ளிக்கூடக் கூடத்தின் கடைசி பெஞ்சில், தப்பு செய்த மாணவனைப்போல் பைலி உட்கார்ந்திருந்தார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"விஜயப்பன், தொண்ணூற்றாறு. எதிரணி வேட்பாளர், எண்பத்தொன்று. ரம்பம் சின்னம், பைலி..." என்று நிறுத்தி, காகிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "அறுநூற்று நாற்பத்து மூன்று."

பைலி எழுந்து நின்றார். "சார், மறுபடி எண்ணுங்க. எங்கேயோ தப்பு நடந்திருக்கு!"

ஜெயித்தவனே மறு எண்ணிக்கை கேட்டதை அதிகாரி தன் சர்வீஸில் பார்த்ததில்லை. எண்ணினார். அதே அறுநூற்று நாற்பத்து மூன்று.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெடியும் மேளமும்தான். யார் தூக்கினார்கள், எப்போது ஜீப்பில் ஏற்றினார்கள், கழுத்தில் எத்தனை மாலை, ஒன்றும் தெரியவில்லை. "நமது மெம்பர் பைலி, இதோ, இந்த வண்டியிலேயே!" என்று மைக் அலற, வண்டிக்குத் தொட்டுப் பின்னால் வார்டு மொத்தமும் ஆடிக்கொண்டு வந்தது. ஆடும் வந்தது. கும்பலுக்கு நடுவிலிருந்து ரத்னம்மா கத்தினாள்:

"மெம்பரே! கேட் இன்னும் உரசிட்டேதான் இருக்கு! நாளைக்குக் காலையில வந்துருங்க!"

"வரேன்! ரம்பத்தோட வரேன்!" என்று பைலி ஜீப்பிலிருந்து கத்தினார்.

கூட்டத்தின் ஓரத்தில் திரேஸ்யா நின்றிருந்தாள். கண்களைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பைலிக்குச் சுருக்கென்றது. பாவம், மகளோடு போய் இருக்கலாம் என்று எவ்வளவு ஆசைப்பட்டாள்! தன் வெறியில் அவளை மறந்தே போனோமே.

அந்த நேரத்தில் எதிரே சைக்கிளில் வந்த சுகதன், ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஓரமாகக் காலை ஊன்றி நின்றான். பைலி ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் குனிந்தார்.

"சுகதா, நாங்க டெல்லிக்குப் போகலைப்பா. திரேஸ்யா குடுத்த அந்த மனுவைக் கிழிச்சுப் போட்டுடு."

சுகதன் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினான். பிறகு மாலைக்குள் புதைந்திருந்த அவர் காதருகே வந்து சொன்னான்:

"அப்படி ஒரு மனுவே இல்லையே சேட்டா, 'டெல்லிக்குப் போறோம்னு ஒரு பத்து வீட்டுல சொல்லிடு'ன்னுதான் திரேஸ்யா சேச்சி சொன்னாங்க, நான்தான் உங்க வீட்டைத் தவிர மத்த இருநூத்திப் பதினேழு வீட்டுலயும் சொல்லிட்டேன்!"