கோல் வாசலில் நிற்கும் உன் மகன் றோயைப் பற்றி

மோர்னிங்சைட், ரொறன்ரோ
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்புத் தங்கச்சி யூஜினிக்கு,

மாதாவின் காவலில் டென்மார்க்கில் நீயும் மச்சானும் நலமாயிருக்க வேண்டும். நானும் உன் அண்ணி பேபியும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன்; ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து நேராக இருந்து எழுத முடியவில்லை, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

உன் மகனை ஹான்ட்போல் விளையாட்டை விடச் செய்யும்படி கேட்டிருந்தாய். பதினொரு வருடமாக ஒரே கழகத்தின் கோல்கீப்பர், ஒருநாள் பிந்தியதில்லை, ஒரு ஆட்டம் தவறியதில்லை, பேப்பரில் ஒரு படம் வந்ததுமில்லை. இப்போது பந்து பட்டு இடது கண் பழுதாகி, இன்னொரு அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொல்லித்தான் ஓய்வுக்கு இங்கே வந்திருக்கிறான். நானும் முதல் நாளே சொல்லப் பார்த்தேன். ஆறடி ஐந்து அங்குல ஆளை அண்ணாந்து பார்த்துப் புத்தி சொல்லப் பயம். அவன் கதிரையில் இருக்கும்போது சொல்லலாமென்றால் அவன் இருந்தால்தானே, எந்நேரமும் பேபிக்குப் பாத்திரம் கழுவிக் கொடுக்கிறான். வெள்ளிக்கிழமை இங்கே வெக்ஸ்போர்ட்டில் சிநேகிதன் வின்சன்றின் ஹான்ட்போல் குழு பயிற்சி எடுப்பதைப் பார்க்கப் போகிறேன் என்றான். பஸ்ஸில் வைத்துச் சொல்லிவிடலாமென்று நானும் ஏறினேன். எங்களுக்கு நடுவில் குழந்தை வண்டியோடு ஒரு பெண் வந்து நின்றுவிட்டாள்.

போனால் அங்கே கோல்கீப்பர் வரவில்லை. வின்சன்ற் தலையைச் சொறிந்தான், றோய் ஜக்கெற்றைக் கழற்றினான். ஆள் குறைகிறதென்றால் அவனால் சும்மா இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். இந்த விளையாட்டை நான் பார்த்தது அன்றுதான். ஆறேழு மீட்டருக்குள் ஓடிவந்து, எம்பி, கதவை உடைப்பதுபோலக் கையால் எறிகிறார்கள். கோல் வாசலில் நிற்கும் இவனுக்குக் கையுறையும் இல்லை, முகமூடியும் இல்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். திடீரென்று ‘தொப்’பென்று ஒரு சத்தம், பிறகு ஒரு அரவமும் இல்லை. கண் போய்விட்டது என்று மைதானத்துக்குள் ஓடினேன், வழுக்கி மல்லாந்து விழுந்தேன். பந்து பட்டது அவன் தொடையில். ஐஸ் வைத்தது எனக்கு.

படுத்தபடியே கேட்டேன்: "உனக்குப் பயமே இல்லையோடா?"

"ஒவ்வொரு பந்துக்கும் பயம்தான் மாமா. பயந்தாலும் கண்ணை மூடாமல் நிக்கிறதுதான் என்ர வேலை."

ஐஸை என் இடுப்பில் அழுத்திக்கொண்டே, போன கிழமையே விலகுவதாகக் கழகத்துக்கு எழுதிவிட்டதாகச் சொன்னான். உனக்குத்தான் இன்னும் சொல்லவில்லையாம்.

"அம்மாட்டச் சொல்லப் பயமாக் கிடக்கு. நான் விளையாடுற ஒவ்வொரு மச்சுக்கும் வந்து காருக்குள்ளயே இருப்பா, ஒருநாளும் உள்ள வந்து பாக்கேல்லை. நான் நிப்பாட்டினா அவ எங்க போவா?"

யூஜினி, பதினொரு வருடம் பனிக்குள் காரில் இருந்து செபமாலை உருட்டியதை நீ எனக்குச் சொல்லவேயில்லை. எப்படியோ, அவன் விட்டுவிட்டான். இனிப் பயமில்லாமல் நித்திரை கொள்.

உங்கள் வீட்டு வாசலுக்குள் ஒரு குறையும் வராமல் கர்த்தர் காக்கட்டும். பேபி முத்தம் தரச் சொன்னாள்.

உன் அண்ணா,
ஜெயரட்ணம்

பி.கு: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவனுடைய டென்மார்க் கழகத்திலிருந்து போன். மற்ற இரண்டு கோல்கீப்பர்களுக்கும் காயமாம், சனிக்கிழமை கடைசி ஆட்டத்துக்கு ஆள் இல்லையாம். றோய் என்னைப் பார்த்தான். வேண்டாமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "எத்தனை மணிக்கு மச்?" என்று வந்துவிட்டது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடச் சம்மதித்திருக்கிறான். வியாழன் பிளேனில் நானும் கூட வருகிறேன். தபாலில் போட்டால் கடிதத்தை நாங்கள் முந்திவிடுவோம் என்பதால் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். சனிக்கிழமை காரைப் பூட்டிவிட்டு என்னோடு உள்ளே வா. எனக்குத் தனியாக இருந்து பார்க்கப் பயம்.