எஞ்சின் தம்பி பங்கு

மூக்காண்டியின் பிக்கப் ஜீப்பில் ஸ்டியரிங் இருந்தது, நாலு சக்கரம் இருந்தது, ஹாரன்கூட இருந்தது. எஞ்சின் மட்டும் இல்லை.

அதைத் தங்கச்சியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

"முத்துமாரி கல்யாணத்துக்கு அப்பா வண்டியிலதான் தாய்மாமன் சீர் வரணும்ண்ணே" என்று ஆறுமுகத்தாய் போனில் சொன்னபோது, "வராம என்ன? ஜம்முனு வரும் தாயி" என்று வாக்குக் கொடுத்தார். போனை வைத்துவிட்டுத் தறிக்கூடத்துக்குப் பின்னால் போய்ப் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

எஞ்சின் குருவிகுளத்தில் தம்பி சுடலைமணி வீட்டில் இருந்தது.

ஊரில் நிலத்தைப் பிரிப்பார்கள், வீட்டைப் பிரிப்பார்கள். வண்டியை ஸ்பேனர் வைத்துப் பிரித்தது இந்த அண்ணனும் தம்பியும்தான். அப்பா கண்ணை மூடியதும் அந்த நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எனக்குத்தான் என்று இரண்டு பேரும் நின்றார்கள். விற்றுப் பிரியுங்கள் என்றால் விற்கவும் மனசில்லை. பேசிப் பார்த்த பெரியவர்கள் கடைசியில் சாப்பாட்டு நேரம் தாண்டுவதைக் கண்டு, "பாடி மூத்தவனுக்கு, எஞ்சினும் கியர் பெட்டியும் இளையவனுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அன்றோடு பேச்சுவார்த்தையும் நின்றது. ஆறு வருஷமாகிறது.

மறுநாள் ஆறுமுகத்தாய் மறுபடியும் கூப்பிட்டாள்.

"சின்னண்ணனும் ஜம்முனு வரும்னு சொல்லிட்டாருண்ணே."

"அவன்ட்ட என்ன இருக்கு? வெறும் எஞ்சினு."

"ஒங்கட்ட என்ன இருக்கு? வெறும் தகரம்."

மூக்காண்டி போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"இந்தா பாருங்க, அப்பா வண்டியில சீர் வந்தா வாங்க. இல்லைன்னா ரெண்டு பேருமே வரவேண்டாம். மாமன் முறைக்கு நம்ம ஒண்ணுவிட்ட அண்ணன் ராஜதுரை இருக்காவ. இப்பவே பட்டுச் சட்டை தைக்கக் குடுத்துட்டாவ."

அதுதான் சுருக்கென்று தைத்தது. முத்துமாரிக்குக் காது குத்தியது இவர் மடியில் உட்காரவைத்துத்தான். வீறிட்டு அழுத பிள்ளை இவர் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. அந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் ராஜதுரை பட்டுச் சட்டையோடு மாமனாக நிற்பதா? அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கழுகுமலை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சதாமைக் கூப்பிட்டார். வண்டியை இரண்டாகக் கழற்றிக் கொடுத்தவனும் அவன்தான்.

"பேசாம தம்பிகிட்ட எஞ்சினைக் கேளுங்க அண்ணாச்சி."

"அவன்ட்ட கேக்கிறதுக்குப் பதிலா நான் மாட்டைப் பூட்டி இழுத்துட்டுப் போவேன். வேற எஞ்சின் பாரு."

சதாம் பார்த்தான். தூத்துக்குடியில் ஒரு படகிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் சல்லிசாகக் கிடைத்தது. உட்காரவில்லை என்று வண்டியின் இரும்புச் சட்டத்தில் கொஞ்சம் அறுத்தான். இன்னும் உட்காரவில்லை என்று இன்னும் கொஞ்சம் அறுத்தான். பழைய கியர் பெட்டி ஒன்றையும் தேடிப்பிடித்து மாட்டினான். கோழியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை மூக்காண்டி குளித்து, திருநீறு பூசி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைக் கிளப்பி முதல் கியரைப் போட்டார்.

வண்டி பின்னால் பாய்ந்து குளியலறைச் சுவரை இடித்துத் தள்ளியது.

மனைவி நிர்மலாதேவி தோளில் துண்டோடு சோப்பு டப்பாவும் கையுமாக வந்து நின்றாள். "நான் உள்ள போறதுக்கு முந்தி இடிச்சீங்களே, அம்மனுக்கு ஒரு தேங்காய் விடலை போடணும்" என்றாள். சோப்பு டப்பாவை டக்கென்று மூடிவிட்டுத் திரும்பிப் போனாள். அது இன்னும் பயமாக இருந்தது.

சதாம் தலையைச் சொறிந்தான். "இது எதிர்ப்பக்கம் சுத்துத எஞ்சின் போலுக்கு. நாலு கியரும் பின்னால போகும். ரிவர்ஸ் போட்டா முன்னால போகும்."

"அப்ப ரிவர்ஸ் போட்டே முன்னால போவமா?"

"மெதுவா உருண்டுக்கிட்டுத்தான் போகும். நாலாங் கியர்ல பின்னால போனா வேகமாப் போயிரலாம். சீர்த்தட்டும் ஊர்ச்சனம் பாக்க முன்னால வரும்லா?"

மூக்காண்டி ஒரு நிமிஷம் அதையும் நிஜமாகவே யோசித்தார். அந்த அளவுக்கு வந்துவிட்டது நிலைமை. பிறகு இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்து, "நீ போய்க் கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார்.

சாயங்காலமே பதில் வந்தது. "அண்ணாச்சி, எஞ்சின் தாராவளாம். ஆனா தனியா அனுப்ப மாட்டாவளாம். எஞ்சின் எங்க போகுதோ அங்க அவுகளும் வருவாவளாம்."

சொன்னபடியே மறுநாள் ஒரு குட்டியானை லோடு வண்டியில் எஞ்சினும் கியர் பெட்டியும், எஞ்சின் மேல் ஒரு கையை வைத்தபடி சுடலைமணியும் வந்து இறங்கினார்கள். வீட்டுக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து தன் பங்குக்குக் காவல் இருந்தார். நிர்மலாதேவி கொடுத்த காப்பியை மட்டும் வாங்கிக் குடித்தார். காப்பிக்கும் பாகப்பிரிவினைக்கும் சம்பந்தம் இல்லையே.

சதாம் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களிடம் அண்ணனும் தம்பியும் பேசினார்கள்.

"ஏ சதாமு, ஆறு வருஷமா எஞ்சினை எண்ணெய் காட்டாமப் போட்டு வச்சிருக்கான் பாரு, அவன்லாம் விவசாயி!"

"சதாமு, சட்டத்தைக் கண்டபடி அறுத்து வச்சிருக்காவ பாரு. அது எங்க அப்பா வண்டிடே, பலாப்பழமில்ல!"

"அப்பா வண்டின்னு இப்பத்தான் தெரியுதாக்கும்னு கேளு."

கால்கள் எதற்கும் பதில் சொல்லவில்லை. பெருவிரல் மட்டும் அவ்வப்போது ஆடியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் எஞ்சின் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் எழுந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்ததைக் காட்டாமல் திசைக்கு ஒருவராகத் திரும்பிக்கொண்டார்கள். சதாமுக்குப் போன் வந்தது. "ஆமாக்கா, ஓடிட்டு. சரிக்கா. சரிக்கா" என்று பேசியபடியே தெருமுனை வரை போனான்.

திரும்பி வந்து பானெட்டுக்குள் வெகுநேரம் தலையை விட்டிருந்தான். வெளியே எடுத்தபோது முகம் சரியில்லை.

"டீசல் பம்பு போச்சு அண்ணாச்சி. இந்த மாடலுக்கு மதுரையிலயும் கிடைக்காது."

மூக்காண்டி பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "விடிஞ்சா கல்யாணம்லே!"

"ஒரு வழி இருக்கு. கையால அடிக்கிற பம்பு ஒண்ணு இருக்கு, மாட்டுதேன். ஆனா போற வழியெல்லாம் ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து அடிச்சுக்கிட்டே வரணும்."

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பம்பை முடுக்கினான். அதன் டியூப் தரைத் தகட்டு ஓட்டைக்குள் போய் மறைந்தது. ஒரு கையால் பம்பை அடித்துக்காட்டினான்; எஞ்சின் ஓடியது. அடிப்பதை நிறுத்தினான், நின்றது. இன்னொரு கை டேஷ்போர்டுக்கு அடியில் எதையோ பிடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"நீயே வந்து அடி" என்றார் மூக்காண்டி.

"சீர்த்தட்டு கவிழாம நான் பின்னால பிடிக்கணும்லா?"

"எஞ்சின் என் பங்கு" என்றார் சுடலைமணி, வேப்பமரத்தைப் பார்த்து. "டீசல் ஊத்துத வேலையில வேற எவன் கையும் படப்படாது."

விடியற்காலையில் வண்டி கிளம்பியது. மூக்காண்டி ஓட்டினார், பக்கத்தில் சுடலைமணி இரண்டு கையாலும் பம்பை அடித்தார், பின்னால் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, பட்டுச்சேலைத் தட்டு, வாழைத்தார் இவற்றுக்கு நடுவில் நிர்மலாதேவியும் சதாமும். குருவிகுளம் வரை ஒரு வார்த்தை இல்லை. 'சீத்... சீத்...' என்று பம்புச் சத்தம் மட்டும்தான்.

குருவிகுளம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மேட்டில் வண்டி முக்கியது.

"ஏலே, அடிலே!" என்று கத்திவிட்டார் மூக்காண்டி.

"அடிச்சிட்டுத்தானே இருக்கேன்!"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஆறு வருஷத்துப் பேச்சு இப்படியா தொடங்க வேண்டும்? தொடங்கியது தொடங்கிவிட்டது, பாக்கியை மட்டும் எதற்கு வைத்திருப்பது என்று மூக்காண்டி மடையைத் திறந்துவிட்டார். பெரியவர்கள் முன்னால் என்னைப் பேராசைக்காரன் என்றாயே என்றார். நீங்கள் மட்டும் என்ன சொன்னீர்கள் என்று சுடலைமணி பம்பை விட்டுவிட்டுக் கையை நீட்டினார். அவர் பக்கம் திரும்பிய மூக்காண்டி கிளச்சை மறந்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"பாத்தியா? ஒரு நிமிசம் பம்பை விட்ட, நின்னுட்டு!"

சுடலைமணி பயந்துபோய் மறுபடி அடித்தார்; மூக்காண்டி சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு சண்டை போட்டாலும் கையை நிறுத்தாமல்தான் போட்டார். அடிக்க மூச்சு வேண்டியிருந்ததால் அவருக்கு வாதம் செய்ய மூச்சு மிஞ்சவில்லை. மூக்காண்டிக்கோ எதிர்வாதம் இல்லாமல் சண்டை ருசிக்கவில்லை.

பெரிய ரோட்டிலிருந்து தங்கச்சி ஊருக்குத் திரும்பும் பாதை கரிசல். மழையில் சக்கரமெல்லாம் மண் அப்பிக்கொண்டது. "நாலு சக்கரமும் இழுக்கப் பூட்டணும்" என்று மூக்காண்டி கீழே இருந்த கம்பியை இழுத்தார். அசையவில்லை. சுடலைமணி பம்பை ஒரு கையால் அடித்துக்கொண்டே மறுகையைக் கொடுத்தார். கம்பி டொக்கென்று விழுந்தது. வண்டி உறுமிக்கொண்டு சகதியில் ஏறிப் போனது.

பாதி வழியில் ஒரு வெள்ளைக் கார் அச்சுவரை புதைந்து கிடந்தது. பக்கத்தில் புதுப் பட்டுச் சட்டை முழுக்கக் கரிசலாக ராஜதுரை நின்றார்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பொங்கியது. இந்த முறை யாரும் மறைக்கவில்லை.

"கயிறு இருக்காலே?"

"அப்பா வண்டியில கயிறில்லாமலா?"

கயிற்றைக் கட்டி, சீரோடு சேர்த்து ராஜதுரையையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சுடலைமணிக்குத் தோள் இறங்கிவிட்டது, வேர்வை கண்ணில் வழிந்தது. மூக்காண்டி ஒரு கையால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தம்பி வாயில் சாய்த்தார். மீசை முழுக்க நரைத்திருந்ததை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். இந்த வீம்பில் ஆறு தீபாவளி போயிருக்கிறதே என்று அவருக்கு அழுகை முட்டியது.

"கொஞ்சம் மெதுவா அடிலே. கை வலிக்கப்போவுது."

"நின்னுருச்சுன்னா? பிள்ளை மணவறையில காத்திருப்பாண்ணே."

ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த 'அண்ணே' அது. மூக்காண்டி பதிலுக்கு ஹாரனை நீளமாக அடித்தார்.

பந்தலில் மேளச் சத்தம் நின்று எல்லாரும் வெளியே வந்தார்கள். ஆறுமுகத்தாய் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு அண்ணன்களையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள். முத்துமாரி மாலையும் கழுத்துமாக எட்டிப் பார்த்து, "ரெண்டு மாமாவும் சேந்து வந்துட்டாவ!" என்று கூவினாள். சுடலைமணிக்குக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண முடியவில்லை. மூக்காண்டிதான் தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைத்தார்.

"வண்டி பாதையை மறிக்கு, மாப்பிள்ளை வீட்டுக் காரு வருது" என்று யாரோ சத்தம் போட்டார்கள். சதாம் துள்ளி ஏறி, தன்னந்தனியாக வண்டியைக் கிளப்பி, சும்மா ஜம்மென்று திருப்பி ஓட்டிக்கொண்டு போனான்.

"ஏலே நில்லு! பம்பு அடிக்க ஆள் இல்லையேலே!" என்று இரண்டு பேரும் சகதியில் பின்னாலேயே ஓடினார்கள்.

சதாம் தலையை வெளியே நீட்டினான்.

"அந்த டியூபை எதுலயும் மாட்டலியே அண்ணாச்சி! ஆறுமுகத்தாய் அக்கா மாட்ட வேண்டாம்னுட்டாவ!"