விதிவிலக்கு இல்லாத பில்

"இனிமே எவனுக்கும் ஓசியில படம் கிடையாது!" என்று எவரிஸ்தோ முழங்கியபோது, அதைக் கேட்க அவன் மனைவி ஒத்தீலியாவும், முந்தின நாள் உயிரைவிட்ட ஃபிரிட்ஜும் மட்டுமே இருந்தார்கள்.

அட்லீஸ்கோவில் கல்யாணமோ, ஞானஸ்நானமோ, பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாளோ, எது நடந்தாலும் படம் பிடிப்பவன் அவன்தான். பணம் கேட்கப் போனால் உட்காரவைத்து, கோழியின்மேல் மோலேக் குழம்பை ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். மோலே சாப்பிட்ட வாயால் பணம் கேட்பது அந்த ஊரில் நாகரிகமில்லை. ஆகவே தொழில் வளரவில்லை, வயிறு வளர்ந்தது.

படத்தொழிலில் வரும் பணம் வீட்டுக்கு; விழாவில் பெரியவர்கள் சட்டைப்பையில் செருகும் அன்பளிப்பு அவனுக்கு. இது கல்யாணமான புதிதில் செய்துகொண்ட ஒப்பந்தம். அன்பளிப்பெல்லாம் ஒரு நீள லென்ஸைக் கனவு கண்டபடி பிஸ்கட் டப்பாவில் உறங்கிக்கொண்டிருந்தது. ஒத்தீலியாவின் பார்வை இப்போது அந்த டப்பாவின் மேல்.

"கிழவா, ஃபிரிட்ஜுக்குக் கொஞ்சம் கடனாத்தான் குடேன்." அங்கே 'கிழவா' என்பது கொஞ்சல்; வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"டப்பாவைத் தொடாதே! ஊரே எனக்குப் பணம் தரணும். எல்லாருக்கும் பில் அனுப்பறேன். சனிக்கிழமைக்குள்ள பணம் வரணும். வரலேன்னா பத்துல ஒரு பங்கு அபராதம்."

"சொந்தக்காரங்களுக்கு?"

"அவங்களுக்கும்தான்."

"பாதிரியாருக்கு?"

"அவருக்கு மொதல்ல!"

"வசூலுக்கு யாரு போறது? நீ போனா மோலேயைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு வருவே."

"நீயே பண்ணு. முழு அதிகாரமும் உனக்குத்தான்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறினா என் பேரு எவரிஸ்தோ இல்லே!"

முதல் பில்லை மட்டும் தன் கையாலேயே கொடுக்கக் கிளம்பினான். எதிர்வீட்டு ரெமெதியோஸ் அம்மாள், ஊர் மரியாதையில் 'தோன்யா' ரெமெதியோஸ், போன வாரம்தான் மகளின் பதினைந்தாம் பிறந்தநாளை ஊரைக் கூட்டிக் கொண்டாடியிருந்தாள். அந்த ஒரு பில்லிலேயே ஃபிரிட்ஜ் வந்துவிடும்.

"வாப்பா, உக்காரு. மோலே சூடா இருக்கு."

"நான் நிக்கிறேன்." வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. அவன் மூக்கோடு போராடி வென்றான்.

ரெமெதியோஸ் பில்லை நிதானமாகப் படித்தாள். "நியாயமான தொகைதான். ஆனா இது எனக்கு வராதே! விழாவுல ஒவ்வொரு செலவையும் ஏத்துக்க ஒரு ஞானத்தகப்பன் உண்டில்ல? கவுனுக்கு என் தம்பி. கேக்குக்கு மருந்துக்கடைக்காரர். வாத்தியக்காரங்களுக்கு தோன் செலஸ்தீனோ. படத்துக்கும் ஒருத்தர் ஒத்துக்கிட்டிருக்காரு."

"யாரு அவன்?"

ரெமெதியோஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் பொண்டாட்டிக்கு நல்லாத் தெரியும். அவகிட்டயே பில்லைக் குடு."

வீட்டுக்கு வந்து கொடுத்தான்.

"தெரிஞ்ச ஆளுதான்," என்றாள் ஒத்தீலியா. "நல்லவன். கொஞ்சம் முறுக்கு அதிகம்."

"கையில பணம் இருக்கா?"

"இருக்கு. ஒளிச்சு வெச்சிருக்கான். குடுக்கத்தான் மனசு வராது."

"அயோக்கியன்! விருந்துல கோப்பையைத் தூக்கிக்கிட்டு 'நான்தான் ஞானத்தகப்பன்'னு நெஞ்சை நிமித்த வேண்டியது, பில் வந்தா பதுங்க வேண்டியது!"

"அதையேதான் நானும் சொல்றேன்."

"சனிக்கிழமை தாண்டட்டும். அபராதத்தோட பிடுங்கிடு!"

"பாவம், அழுவானே."

"அழட்டும்!"

சனிக்கிழமை போயிற்று. திங்கட்கிழமை காலை இரண்டு ஆட்கள் மூச்சிரைக்க ஒரு புது ஃபிரிட்ஜை இறக்கிவைத்தார்கள். எவரிஸ்தோ இடுப்பில் கைவைத்து, தெருவுக்கே கேட்கும்படி, "பாத்தியா! பில்லுன்னா பில்லு!" என்றான். அதே மிதப்பில் தன் டப்பாவை எடுத்தான். லேசாக இருந்தது. குலுக்கினான். ஒற்றை நாணயம் உருண்டது.

"ஒத்தீலியா! என் டப்பா!"

"கத்தாதே. ஈஸ்டர் விருந்துல ரெமெதியோஸ் என்ன கேட்டா? 'படத்துக்கு நீங்க ரெண்டு பேரும் ஞானத்தாய் தகப்பனா இருங்களேன்'னு கேட்டா. உன் வாய் நிறைய மோலே. கோப்பையைத் தூக்கித் தூக்கித் தலையாட்டினே. இப்ப ஞானத்தகப்பன் குடுத்தான், போட்டோக்காரன் வாங்கினான். படத்தொழில் பணம் வீட்டுக்கு வந்துச்சு. எல்லாம் ஒப்பந்தப்படிதான்."

"இதை நான் ஒத்துக்கவே மாட்டேன்!" எவரிஸ்தோ கால்களை அகட்டி நின்றான். "கடைசிவரைக்கும் எதிர்ப்பேன்! ஊரைக் கூட்டுவேன்! வெக்கமாயில்லே, அபராதம்கூடவா எடுப்பே? அதையாவது தள்ளுபடி பண்ணியிருக்கக் கூடாதா?"

ஒத்தீலியா புது ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து, மீந்த மோலேயை உள்ளே வைத்தாள்.

"உனக்காகப் பரிஞ்சு பேசினேன், கிழவா. அந்தப் போட்டோக்காரன்தான் 'அழட்டும்'னுட்டான்."