மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்

"செத்த பையனுக்குன்னு ஒரு பேர் இருந்திருக்குமில்ல? அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு மூணு மாசம் பத்தலையா?"

தலைமையாசிரியர் ஃபாதர் குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தவே மாட்டார். அதனால்தான் வரலாற்று வாத்தியார் அவருக்கு அதிகம் பயந்தார்.

"தேடிக்கிட்டேதான் இருக்கேன் ஃபாதர்."

"கல்வெட்டுக்காரர் கல்லைப் பாலிஷ் போட்டு வச்சுட்டு உக்காந்திருக்கார். நூற்றாண்டு விழாவுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான். பிஷப் திறக்கப்போற கல்லுல 'யாரோ ஒரு மாணவன்'னு வெட்டச் சொல்லட்டுமா?"



விஷயம் இதுதான். அந்த ஆண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு அ பிரிவில், மூன்றாவது வரிசையில், ஜன்னலோரமாக ஓர் இடம் காலியாகவே கிடக்கும். ஐம்பத்தைந்து வருஷமாக ஒருவனும் அதில் உட்கார்ந்ததில்லை. வகுப்பில் எழுபது பேரைத் திணித்து, நாலு பேர் பெஞ்சில் ஆறு பேர் இடுப்போடு இடுப்பு ஒட்டிக்கொண்டு பரீட்சை எழுதினாலும் அந்த இடம் காலிதான். பழைய லீடர் புது லீடரிடம் "அங்க மட்டும் உக்காராதே" என்று சொல்லிவிட்டுப் போவான். ஏன் என்று இவன் கேட்கமாட்டான், கேட்டாலும் அவனுக்குத் தெரியாது.

அப்புறம் ஏதோ ஒரு வருஷம் பள்ளி ஆண்டு விழாவன்று யாரோ அங்கே ஒரு பூ வைத்தார்கள். அடுத்த வருஷம் அது வழக்கமாகிவிட்டது. பின்னால் ஒரு மெழுகுவத்தி சேர்ந்தது, அதற்கும் பின்னால் ஒரு நிமிட மௌனம் சேர்ந்தது. பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வழக்கம் நுழைந்துவிட்டால் அதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் வெளியே போகாது.

அங்கே உட்கார்ந்திருந்த பையன் செத்துப்போனான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படிச் செத்தான் என்பதில்தான் தகராறு. காசநோய் என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். மணிக்கூண்டிலிருந்து விழுந்தான் என்றார் விடுதிச் சமையல்காரர். தீப்பிடித்த மாதா கோவிலிலிருந்து பூசைக்கான நற்கருணைப் பாத்திரத்தை மீட்கப் போய் எரிந்துபோனான் என்று பழைய மாணவர் சங்கத் தலைவர் அடித்துச் சொன்னார். அந்தக் கோவில் ஒரு நாளும் தீப்பிடித்ததில்லை.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டி விழா மலரில் எழுதும் வேலை வாத்தியார் தலையில் விழுந்திருந்தது. பதினொரு வருஷமாக அவர் தற்காலிக ஆசிரியர். ஒவ்வொரு வருஷமும் லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது அவருக்கு மட்டும் வேலை உண்டா இல்லையா என்று தெரியாது. ஆபீஸ் கிளார்க் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டு, "தற்காலிகம்" என்றுதான் கூப்பிடுவார். அடுத்த மாதத்தோடு வயசு வரம்பு தாண்டிவிடும். அப்புறம் சாகும்வரை தற்காலிகம்தான். மலரும் கல்லும் நல்லபடியாக முடிந்தால் விழா மேடையிலேயே பிஷப் கையால் நிரந்தர ஆணை கொடுப்பதாக ஃபாதர் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த வாக்கை நம்பித்தான் இருந்தார்கள்.

அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் இருந்தவர் பெரிய பிரதர் ஒருவர்தான். எண்பத்தெட்டு வயசு. அந்தப் பையன் இருந்த வருஷம் அவர்தான் வகுப்பாசிரியர். அதே வருஷம் மாற்றலாகிப் போனவர், ஓய்வுக்காக இங்கேயே திரும்பி வந்து, கோவிலுக்குப் பின்னால் ஓர் அறையில் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு காலத்தில் அவர் வராந்தாவில் நடந்தால் மொத்தப் பள்ளியும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுமாம். இப்போது வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம்.

வாத்தியார் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார். "பிரதர், பத்தாம் வகுப்புல அந்தக் காலி இடம். அந்தப் பையன் யாரு?"

பெரிய பிரதரின் கண்கள் சிவந்தன. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். வாயிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"இன்னும் வரலையா அவன்?"

செத்த பிள்ளைக்காக இன்னும் காத்திருக்கிறாரே இந்த மனுஷர் என்று வாத்தியார் நினைத்து நினைத்து உருகினார். 'ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்தத் துறவியின் கண்கள் சிவக்கின்றன' என்று மலரில் எழுதும்போது அவர் கண்ணீர் பேப்பரிலேயே விழுந்தது. ஆனால் பேர் மட்டும் கிடைக்கவில்லை.

ஃபாதரிடம் திட்டு வாங்கிய அன்று சாயங்காலமே, பழைய பதிவேட்டுக் கட்டுகளுக்குள் அது கிடைத்தது. சேர்க்கை எண் 412. வருகைப் பதிவேட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வரை வந்திருக்கிறான், புதன்கிழமையிலிருந்து ஒன்றுமே இல்லை. பரீட்சை எழுதவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை. செத்தவனைத் தவிர வேறு எவன் சான்றிதழ் வாங்காமல் போவான்? வாத்தியார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். ஒரு பையன் செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறோமே என்று அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"பேர் கிடைச்சாச்சு. நல்லது" என்றார் ஃபாதர். "எப்படி இறந்தான்? இரங்கல் பூசைக்கு பிஷப்போட செயலாளர் கேக்குறார்."

"குளத்துல, ஃபாதர். ஒரு சின்னப் பையன் முழுகிட்டிருந்தான். அவனைக் காப்பாத்தப் போய்..."

வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"இங்க ஏது குளம்?"

"இப்ப விளையாட்டு மைதானம் இருக்கே, அங்கதான். அந்தத் துக்கத்துலதான் அதை மண் போட்டு மூடிட்டாங்க."

ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "இதெல்லாம் பதிவேட்டுல இருக்குல்ல?"

"இருக்கு ஃபாதர்."

இல்லை. அதனால் சேர்க்கைப் பதிவேட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு போகவேண்டியதாயிற்று. சாப்பாட்டு மேசையில் அதை விரித்து, மையில் டீத்தண்ணியைக் கலந்து, பழைய கையெழுத்தைப் போலவே சாய்த்து எழுதினார்.

"என்னங்க எழுதுறீங்க?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மரணம்."

"ஐயோ பாவம். யாரு பெத்த பிள்ளையோ."

"யாரு பெத்திருந்தா என்ன? நம்ம பிள்ளைங்களுக்கு அவன்தான் சோறு போடப்போறான். காத்தாடியைப் போடு, மை காயட்டும்."

மை காய்ந்தது. கல்லில் பேரும் வெட்டியாயிற்று. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கிளார்க் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"தற்காலிகம், கொஞ்சம் ஆபீஸுக்கு வாங்க. உங்க பையன் வந்திருக்கான்."

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்க சார்."

"அட, செத்துப்போனவனைச் சொல்றேன்."

ஆபீஸ் பெஞ்சில் எழுபது வயசுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரிகளுக்கு பெயின்ட் அடிக்கிறவர். இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் நீல பெயின்ட். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷனாம், தேதி குறித்தாயிற்றாம். பக்கத்தில் இருக்க ஆளில்லை. பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிச் சான்று கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அவர் பிறந்த தேதி எழுதியிருக்கும் ஒரே இடம் இந்தப் பள்ளிப் பதிவேடுதான்.

"அவளுக்கு அம்மா இல்ல தம்பி. நான்தான் போகணும்" என்றார். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ரெஜிஸ்டர்ல இருக்கிறதைத்தானே நான் எழுத முடியும்?" என்றார் கிளார்க். விதியை விட்டு ஒரு இம்மி நகராத மனுஷர். சான்றிதழை எழுதியே வைத்திருந்தார். பள்ளியை விட்டு விலகிய காரணம்: மரணம். நடத்தை: நன்று.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மரணத்தைப் பார்த்து அவர் ஒன்றும் அதிரவில்லை. அடுத்த வரியில்தான் கண் நின்றது.

"நடத்தை நன்றுன்னு போட்டிருக்கீங்களே."

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்."

"எனக்குமா?" என்று லேசாகச் சிரித்தார்.

வாத்தியார் அவரைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தார். உண்மையைச் சொன்னால் பதிவேட்டில் கள்ளமாக எழுதியது யார் என்ற கேள்வி வரும். நிரந்தரம் கிடக்கட்டும், தற்காலிகமும் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த மனுஷருக்குப் பெற்ற மகளைப் பார்க்க வழியில்லை.

"நான் படிப்பை விட்டது எப்படின்னா தம்பி, அன்னிக்கு வகுப்புல என்ன நடந்துச்சுன்னா..."

"வேண்டாங்க. அதெல்லாம் இப்ப வேண்டாம்."

பதினொரு வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவர். நேரில் பார்த்த சாட்சி ஒன்று தானாக நடந்து வந்து வாயைத் திறந்தபோது அதைப் பொத்திவிட்டார். அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பொத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஃபாதர் அந்தப் பக்கம் வந்தார். "இவர் யாரு?"

"தம்பி, ஃபாதர். நம்ம இறந்துபோன மாணவரோட தம்பி."

ஃபாதர் பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. "உங்க அண்ணன் செஞ்சது பெரிய தியாகம். அவர் இடத்துல பிஷப் முன்னாடி நீங்கதான் பூ வைக்கணும். மறுக்கக் கூடாது."

பெரியவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணாலேயே கும்பிட்டார்.

"எனக்கு ஒரு சான்றிதழ் வேணுமே ஃபாதர்."

"அவ்வளவுதானே? பூ வச்சு முடிச்சதும் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

கேட் வரைக்கும் வாத்தியார் கூடவே நடந்தார். விழா நெரிசலில் ஃபாதர் எதையும் படிக்கமாட்டார், பிறந்த தேதிச் சான்றைத் தானே எழுதி நீட்டிவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

"எனக்கு அண்ணனே கிடையாது தம்பி."

"தெரியுங்க."

"நானே எனக்குப் பூ வைக்கணுமா?"

"ஒரே ஒரு பூ."

"என் மகளுக்காக வைக்கிறேன். ஆனா அந்த வகுப்பு வாசலைத் தாண்டி உள்ள போக முடியுமான்னுதான் தெரியல."

மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார். "ஒரே படிதான் ஐயா. நான் பிடிச்சுக்கிறேன்."

விழா நாளன்று வராந்தா முழுக்கத் தலைகள். வகுப்புச் சுவரில் பதித்த கல்லை பிஷப் திறந்து வைத்தார். பேரை மைக்கில் வாசித்து, அந்த ஆன்மாவின் நித்திய இளைப்பாற்றிக்காக எல்லாரும் ஜெபித்தார்கள். பெரியவரும் தலை குனிந்து தன் ஆன்மாவுக்கு ஆமென் சொன்னார். ஃபாதரின் கையில் ஒரு கோப்பு. அதற்குள் வாத்தியாரின் நிரந்தர ஆணை மேலே, பெரியவரின் சான்று கீழே. இன்னும் இரண்டு நிமிஷம்தான்.

பெரியவர் கையில் ஒரு வெள்ளைப் பூவைக் கொடுத்தார்கள். வகுப்பு வாசல் வரை நேராக நடந்து போனார். அங்கே நின்றுவிட்டார். உள்ளே போகவில்லை. இடது பக்கமாக ஒதுங்கி, சுவரில் முதுகை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூ அக்குளில் நசுங்கியது.

கூட்டத்தில் விசும்பல் கேட்டது. பழைய மாணவர் சங்கத் தலைவர் கைக்குட்டையை எடுத்தார். அண்ணன் பாசம் என்று யாரோ சொன்னார்கள்.

வாத்தியார் பக்கத்தில் ஓடினார். "ஐயா, உள்ள வாங்க. வச்சுட்டு உடனே வந்திருங்க."

"கால் வரமாட்டேங்குது தம்பி."

"உங்க மகளை நினைச்சுக்குங்க."

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். கட்டிய கையைப் பிரித்து, ஒரு காலைத் தூக்கி வாசற்படியில் வைத்தார். வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்வரிசையில் சக்கர நாற்காலி கிரீச்சிட்டது. பெரிய பிரதர் கையை உயர்த்தியிருந்தார். வருஷக்கணக்காகக் கூட்டம் எதிலும் பேசாத மனுஷர் பேசப்போகிறார் என்று கூட்டம் தானாக வழிவிட்டது. அந்தக் காலத்தின் கடைசி சாட்சி, அவர் சொல்வது எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று பிஷப்பே மைக்கை எடுத்து அவர் வாயருகே பிடித்தார். அன்று வாத்தியார் பார்த்த அதே சிவந்த கண்களோடு பெரிய பிரதர் வாசற்படியில் நின்ற பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேட்டுட்டு அப்புறம் உள்ள வா. அதுவரைக்கும் உன் இடத்துல எவனும் உக்காரக் கூடாதுன்னு சொன்னேன், சொன்னதுதான்."