கட்டுரைக்கு நாடி பார்த்தவர்

ஆராய்ச்சி நிலையத்தின் கருத்தரங்கக் கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. யாரோ பெரிய விஞ்ஞானி சொற்பொழிவாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சொற்பொழிவுக்கெல்லாம் நம் ஆட்கள் வருவார்களா? வந்தாலும் தூங்குவார்கள். அன்று வந்திருந்தவர் கட்டுரைக்கு நாடி பார்ப்பவர்.

ஆமாம், மனிதருக்கு இல்லை, கட்டுரைக்கு. ஆராய்ச்சிக் கட்டுரையை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் போதும். கண்ணை மூடி, இரண்டு விரலை உறைமேல் வைத்து, அதை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். ஆராய்ச்சியாளருக்கு அந்த எண்ணிக்கைதான் அந்தஸ்து, பதவி உயர்வு, வீட்டில் மரியாதை, எல்லாம். அது ஏறாமல் அடம்பிடித்தால் பரிகாரமும் அவரிடமே உண்டு. ஒரு செப்புத் தகடு. பொருள்தான் செம்பு, விலை தங்கம்.

வரிசையில் முதல் ஆளாக நின்றவர் நம் மூளை மருந்துப் பேராசிரியர். மனச்சோர்வுக்கு மருந்து தேடுபவர். வெறும் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, "சோர்வு போயே போச்சு டாக்டர்" என்று நோயாளிகள் சொல்லும்போது, மனித மனம் எப்படியெல்லாம் ஏமாறுகிறது பார் என்று காலமெல்லாம் சிரித்தவர். போன மாதம் நாடிக்காரர் அவர் கண்டுபிடித்த மருந்தைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையைத் தொட்டு, "இருநூத்துப் பத்து!" என்றதும் அதே மனிதர் பொலபொலவென்று கண்ணீர் விட்டார். முன்பதிவு செய்தபோது தன் பெயரையும் கட்டுரையின் தலைப்பையும் தானே சொன்னது அவருக்கு நினைவில்லை. அந்த எண்ணை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதும், தினமும் பல் தேய்க்குமுன் தானே அதைப் பார்ப்பதும் நினைவில்லை. அவருடைய ஆய்வகத்து எலிகூட இவ்வளவு சுலபமாக ஏமாறாது.

ஏமாந்ததோடு விட்டாரா? தன் ஆய்வு மாணவி எழுதிக் கொடுத்திருந்த புதுக் கட்டுரையையும் எடுத்து நீட்டினார்.

"இதுக்கு நாடியில அடைப்பு. தகட்டுக்கு அடியில வைங்க. நான் சொல்ற வரைக்கும் எங்கயும் அனுப்பாதீங்க" என்றார் நாடிக்காரர்.

கட்டுரை மேசை டிராயருக்குள் தகட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இந்த மாதத்துக்குள் அது பத்திரிகைக்குப் போனால்தான் அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை தொடரும். இல்லாவிட்டால் இத்தனை வருட உழைப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், புது மருந்து வேலை செய்யுதான்னு எப்படிப் பார்ப்போம்?"

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சர்க்கரை. எது எதுன்னு கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. இதைக்கூடவா மறந்துட்டே?"

"நான் மறக்கல சார். இவருக்கும் அதையே வைப்போம். தகடு வாங்கின பிறகு நாடி எப்படி இருக்குன்னு பார்க்கணும்னு உங்க பேர்ல, உங்க பழைய கட்டுரைத் தலைப்புல பதிவு பண்றேன். உறைக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

பேராசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மகானுக்கே பரீட்சையா? சரி, வை! அவர் தோத்தா அன்னைக்கே உன் கட்டுரையை அனுப்பிடறேன். ஜெயிச்சா நீ வாயைத் திறக்கக் கூடாது."

அந்தப் பரீட்சைதான் அன்று. நாடிக்காரர் உறைமேல் விரல் வைத்தார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"இருநூத்துப் பதினேழு! போன தடவையைவிட ஏறியிருக்கு. தகடு பேசுது! ஆனா, உள்ளே எங்கயோ லேசா ஒரு அடைப்பு. வெளியேற வேண்டியது வெளியேறாம நிக்குது."

அன்று காலை பேராசிரியர் பார்த்த எண்ணும் அதேதான். சின்னப் பிள்ளை மாதிரி துள்ளினார். "பார்த்தியாம்மா? இப்ப என்ன சொல்றே?"

"ஒண்ணும் சொல்லல சார். பிரிங்க."

பிரித்தார். உள்ளே இருந்தது வாஷிங் மெஷினைப் பயன்படுத்தும் முறை விளக்கக் கையேடு. அட்டையின் ஓரத்தில் மெக்கானிக்கின் போன் நம்பர், பேராசிரியர் மனைவியின் கையெழுத்தில். அவர் வீட்டு மெஷினேதான்! சதியில் வீட்டம்மாவும் கூட்டு.

கூடம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் ஒரு இயற்பியல் டாக்டர் மட்டும் எழுந்து நின்றார். "இருந்தாலும் அடைப்புன்னு சரியாத்தானே சொன்னாரு? மெஷின்ல தண்ணி வெளியேறாமதானே மெக்கானிக்கைக் கூப்பிடறோம்?" பட்டம் வாங்கிவிட்டால் புத்தியும் கூடவே வந்துவிடும் என்று எவர் சொன்னது?

நாடிக்காரர் அலட்டிக்கொள்ளாமல் பையைக் கட்டினார். "என்னை மட்டும் ஏன் சார் முறைக்கிறீங்க? நான் உறையைப் பிரிக்காம எண்ணிக்கை சொன்னேன். நீங்க கட்டுரையைப் பிரிக்காம எண்ணிக்கையைப் பார்த்து வேலை கொடுக்கறீங்க, பதவி கொடுக்கறீங்க. உங்ககிட்ட கத்துக்கிட்ட தொழில்தானே இது?"

ஆள் ஏமாற்றுக்காரர்தான். ஆனாலும் இதை மட்டும் பொய் என்று சொல்ல முடியாது.

பேராசிரியர் அசடு வழிய அறைக்கு வந்தார். தகட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அடியிலிருந்த கட்டுரையை எடுத்தார். மாணவி வாசலில் நின்றாள்.

"படிச்சுட்டீங்கதானே சார்? அப்படியே அனுப்பிடலாமா?"

படித்திருந்தால்தானே! நாடி பார்த்தாயிற்று, தகடு வைத்தாயிற்று, படிக்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை. "உட்காரும்மா" என்று சொல்லிவிட்டு முதல் தடவையாகப் படித்தார். படிக்கப் படிக்க வியர்த்துக் கொட்டியது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த மருந்து, சர்க்கரை மாத்திரையைவிட ஒரு மயிரிழைகூட அதிகமாக வேலை செய்யவில்லை என்று அவள் நிரூபித்திருந்தாள்.

"இதை ஏம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன் சார்."

பேராசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "இருநூத்துப் பதினேழு! அதுல பாதி என்னை நானே மேற்கோள் காட்டிக்கிட்டது. மிச்சப் பாதியில ஒருத்தராவது உட்கார்ந்து படிச்சிருந்தா அப்பவே மாட்டியிருப்பேனே! சர்க்கரை மாத்திரையைத் தின்னுட்டுக் குணமாயிட்டேன்னு குதிச்ச முதல் நோயாளியே நான்தாம்மா."

கம்ப்யூட்டரில் அனுப்பும் பொத்தானை அழுத்த மனசு வரவில்லை. வருமா பின்னே? இத்தனை வருடப் பெயர். ஆனாலும் கொடுத்த வாக்கு இருக்கிறதே, அழுத்திவிட்டார்.

"வருத்தப்படாதீங்க சார்" என்றாள் மாணவி. "உங்க கட்டுரை தப்புன்னு சொல்றதுக்கு அதைத்தான் மேற்கோள் காட்டியிருக்கேன். எண்ணிக்கையில உங்களுக்கு ஒண்ணு கூடும்."

இருநூற்றுப் பதினெட்டு! தகடு இல்லாமலே ஏறப்போகிறது. எண்ணிக்கைக்கு மாலை எது, செருப்படி எது என்று தெரியாது. படிக்கத் தெரிந்த உங்களுக்குத் தெரியுமே, முதலில் உறையைப் பிரியுங்கள் ஐயா!